எக்ஸிட் போர்டும் நம் போட்டோக்களும்: மறைப்பதா, அழிப்பதா, அப்படியே விடுவதா?

டோல்கேட் கேமரா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை பக்கத்து மண்டபங்களில் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று போட்டோ எடுப்பது என் தொழில். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்தைக் கேட்க இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நம் பக்கத்து மண்டபங்கள் பெரும்பாலும் நீளமானவை, அகலம் குறைவு. மேடைக்கு ஒரு பக்கம் கதவு, அதன் மேல் பச்சை எக்ஸிட் போர்டு. ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கும் இடத்துக்குப் பின்னால், தோள் உயரத்துக்குச் சற்று மேலே, அது எல்லா போட்டோவிலும் விழும். ஆல்பம் பார்க்கும் வீட்டுக்காரர்கள் முதலில் சொல்வது அதைத்தான்: "அந்தப் பச்சை போர்டை எடுத்துடுங்க."

ஆல்பத்தில் எடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது மண்டபத்திலேயே எடுக்கச் சொல்கிறார்கள். போன முகூர்த்தத்தில் டெகரேஷன் ஆட்கள் ஏணி போட்டு, போர்டின் மேல் மெரூன் துணியைச் சுற்றி ஸ்டேப்ளர் அடித்தார்கள். வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் செய்தார்கள். கூடத்தில் நல்ல கூட்டம், ஏசி ஓடுவதால் ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது. எனக்கு மனசே கேட்கவில்லை. "துணியை எடுங்கண்ணா, போட்டோவில் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி எடுக்க வைத்தேன்.

இரண்டு கேள்விகள். போர்டை அப்படியே விட்டுவிட்டு அழகாக எடுக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எடுத்த பிறகு எடிட்டிங்கில் அழிப்பது சரியா?

---

பெரம்பூர் ஃபிலிம் ரோல் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன் தம்பி.

போர்டு அசிங்கமாகத் தெரிவதற்கு முதல் காரணம் எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு. கூடம் மங்கல், போர்டு வெளிச்சம். கேமரா கூடத்துக்கு அளந்து எடுத்தால் போர்டு வெந்துபோய் வெள்ளைத் திட்டாகிவிடும், சுற்றிப் பச்சைப் புகை மாதிரி பரவும். கேமரா சென்சாரில் பச்சையைப் படிக்கும் புள்ளிகள் சிவப்பை விடவும் நீலத்தை விடவும் இரண்டு மடங்கு. இந்த மாதிரி வெளிச்சத்தில் முதலில் நிரம்பி வழிவது பச்சைதான். பின்னணியை ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் இறக்கி (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்), முகத்துக்கு ஃப்ளாஷை மேல்கூரையில் அடித்துத் திருப்பி விடுங்கள். போர்டில் இருக்கும் உருவம் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இறங்கிவிட்டால், அது கட்டிடத்தில் இருக்க வேண்டிய ஒரு பொருள் என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, பச்சை முகத்தில் விழுவது. போர்டுக்கு நேர் கீழே யாரையும் நிறுத்தாதீர்கள். ஒரு எட்டு முன்னால் வரச் சொன்னாலே பாதி குறையும். மீதியை எடிட்டிங்கில் பச்சையின் அடர்த்தியை மட்டும் குறைத்துச் சரிசெய்யலாம். மொத்தப் படத்துக்கும் பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தா ஏற்றினால் பட்டுப்புடவையின் நிறம் கெட்டுவிடும். அரக்குச் சேலை வேறு கலராகிப் போனால் பெண் வீட்டார் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

ஃபிலிம் காலத்தில் டியூப்லைட்டே இந்த வேலையைச் செய்தது. பகல் வெளிச்சத்துக்கான ரோலைப் போட்டு டியூப்லைட் கூடத்தில் எடுத்தால் எல்லார் முகமும் பச்சையடித்து வரும். அதற்கென்று இளஞ்சிவப்பு ஃபில்டர் ஒன்று லென்ஸில் மாட்டுவோம். ஸ்டூடியோக்காரர்கள் பிரிண்ட் போடும்போது இன்னும் கொஞ்சம் சரிசெய்வார்கள். பச்சையோடு மல்லுக்கட்டுவது நம் தொழிலுக்குப் புதிது இல்லை.

---

எம்சி_ரோடு_மொபைல் எழுதியது:

இதுக்கு இவ்வளவு யோசிக்கணுமா? இப்ப எல்லா போனிலும் அழிக்கும் வசதி இருக்கு. விரலால் ஒரு வட்டம், போர்டு காலி.

---

ஏணியும் குழாயும் எழுதியது:

நான் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வடசென்னையிலேயே பெரும்பாலான சர்வீஸ். போட்டோ பற்றி எனக்குத் தெரியாது. அந்த மெரூன் துணியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். முகூர்த்த நேரம். மாடியில் கீற்றுப் பந்தல். வீடியோ கேமராவுக்குப் போன ஒயரில் ஏற்பட்ட மின்கசிவில் பிடித்த தீ. 50 பேருக்கு மேல் இறந்தார்கள், மாப்பிள்ளை உட்பட. அந்த வருஷம் ஜூலையில்தான் கும்பகோணம் பள்ளித் தீ. அங்கே 94 குழந்தைகள். எங்கள் துறையில் அந்த ஒரே வருஷத்தை யாரும் மறக்க மாட்டோம்.

அதற்கு முன் 1997 ஜூன் 13, டெல்லியில் உப்ஹார் தியேட்டர். 59 பேர். தீ கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில். இறந்தவர்கள் பால்கனியில் இருந்தவர்கள், புகையில் மூச்சு முட்டி. கூடுதலாகச் சீட் போட்டு நடைவழியை அடைத்திருந்தார்கள். வெளியேறும் வழியைக் காட்டும் விளக்குகள் எரியவில்லை. கோர்ட் வழக்கில் இது எல்லாமே பேசப்பட்டது.

கூட்டத்தில் புகை வந்தால் மனிதர்கள் வந்த வழியிலேயே திரும்பப் போவார்கள். பக்கத்தில் வேறு கதவு இருந்தாலும் அது கண்ணில் படாது. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு அந்த மண்டபம் புதுசு, அவர்களுக்குத் தெரிந்தது தாம்பூலப் பையும் சந்தனமும் வைத்திருக்கும் முன்வாசல் மட்டும்தான். மேடைப் பக்கத்துக் கதவை அவர்களுக்குக் காட்டிக்கொடுக்க அந்தப் பச்சை போர்டைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை. அதைப் போய்த் துணி சுற்றினால் கதவையே செங்கல் வைத்து அடைத்ததற்குச் சமம்.

துணியை எடுக்கச் சொன்ன தம்பிக்கு என் நன்றி.

---

பூப்பந்தல்_ராயபுரம் எழுதியது:

நான் டெகரேஷன் தொழிலில் இருப்பவன். ஐயா சொன்னதை மறுக்கவில்லை. எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும்.

மேடைக்குப் பின்னால் நிறுத்தும் அலங்காரத் திரை, அதாவது பேக்டிராப், 20 அடி, 24 அடி அகலத்தில் கேட்கிறார்கள். செல்போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்பார்கள். அந்தப் படம் எங்கேயோ பெரிய ஓட்டல் கூடத்தில் எடுத்தது, சுவரில் ஒன்றுமே இருக்காது. நம் மண்டபத்தில் மேடைக்கும் பக்கக் கதவுக்கும் நடுவில் மூன்று அடிகூட இடம் கிடையாது. ஃபிரேமை நிறுத்தினாலே கதவின் பாதி மறையும். மண்டபத்துக்காரர் எதுவும் சொல்வதில்லை. வீட்டுக்காரர் காசு கொடுக்கிறார். நடுவில் நாங்கள் என்ன செய்ய?

இன்னொன்று. போர்டை மறைக்கச் சொல்லி எங்களிடம் முக்கால்வாசி நேரம் வருவது போட்டோகிராபர்தான். டோல்கேட் கேமரா அண்ணன் போல எல்லாரும் இல்லை.

---

வியாசை மின்பணி எழுதியது:

துணி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த போர்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறும், கரண்ட் போனால் அதுவே எரிய வைக்கும். தேசியக் கட்டிட விதித்தொகுப்பின்படி அவசர விளக்குகள் கரண்ட் போன பிறகும் ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். ஆள் ஓடிப்போய் ஸ்டார்ட் செய்வதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், தீ பிடித்தால் மெயினையே இறக்கிவிடுவார்கள். அதனால்தான் பேட்டரி போர்டுக்கு உள்ளேயே இருக்கிறது.

டெகரேஷன் நேரத்தில் நடப்பது என்னவென்றால், சீரியல் செட்டுக்கு பாயின்ட் பத்தாது. போர்டுக்குப் போகும் பிளக்கை உருவிவிட்டு அதில் எக்ஸ்டென்ஷன் மாட்டுவார்கள். போர்டு பேட்டரியில் கொஞ்ச நேரம் எரியும். அப்புறம் அணைந்துவிடும். மறுநாள் பந்தல் பிரிக்கும்போது பிளக்கைத் திரும்ப மாட்ட யாருக்கும் ஞாபகம் வராது. பேட்டரி அப்படியே காலியாகக் கிடந்து செத்துப்போகும். அடுத்த கல்யாணத்தில் யாராவது பிளக்கை மாட்டினால் போர்டு நன்றாக எரிவது போலத் தெரியும். கரண்ட் போகும் அன்றைக்குத்தான் உண்மை தெரியும்.

போர்டின் அடியில் அல்லது ஓரத்தில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் போர்டு பேட்டரிக்கு மாறும். விளக்கு நின்றால் நல்லது. அணைந்தால் பேட்டரி போச்சு. ஒரு குச்சியால் எட்டி அழுத்திப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் ஒளிரும் போர்டுகளும் இருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் விடும். டிஜே வைத்து கூடம் முழுக்க இருட்டாக்கி, லேசரை மட்டும் சுழல விட்டால், குடிப்பதற்கு வெளிச்சமே கிடைக்காது. அங்கே ஸ்டிக்கரை நம்பக்கூடாது.

---

டோல்கேட் கேமரா எழுதியது:

மின்பணி அண்ணா, பிளக் விஷயம் எனக்குப் புதுசு. இனிமேல் கூடத்துக்குள் நுழைந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கேமராவை எடுப்பேன்.

பூப்பந்தல் அண்ணா சொன்னதும் உண்மைதான். எங்கள் ஆட்கள்தான் மறைக்கச் சொல்கிறார்கள். போட்டோகிராபர்கள் கேட்பதை நிறுத்தினாலே பாதி மண்டபங்களில் துணி ஏறாது. அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன்.

இப்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. மண்டபத்தில் மறைப்பதும் போட்டோவில் அழிப்பதும் ஒன்று இல்லை. முதலாவதைச் செய்யவே கூடாது, அதில் பேச்சே கிடையாது. இரண்டாவதில்தான் எனக்குக் குழப்பம். கல்யாணம் முடிந்து எல்லாரும் பத்திரமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆல்பத்தில் போர்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

---

கொருக்குப்பேட்டை தேன்மொழி எழுதியது:

அதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி.

என் தங்கை பெண் கல்யாணத்துக்கு மண்டபம் தேடியபோது முதலில் பார்த்தது போட்டோக்களைத்தான். வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை மண்டபத்துக்கு நேரில் அலைய முடியும்? மண்டபத்தின் இணையப் பக்கத்தில் இருந்த படங்களில் சுவர் துடைத்து வைத்தது போல இருந்தது. நேரில் போனால் அதே சுவரில் ஒரு கதவு. கதவுக்கு இரும்புச் சங்கிலி, பூட்டு. மேலே போர்டு. போட்டோவில் கதவும் இல்லை, போர்டும் இல்லை. யாரோ எடுத்துக் கொடுத்த கல்யாணப் படத்தையே அவர்கள் விளம்பரத்துக்குப் போட்டிருந்தார்கள். அழித்தவர் ஆல்பத்துக்காக அழித்திருக்கலாம். எங்களுக்கு அது வழியே இல்லாத சுவராகத் தெரிந்தது.

பூட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "ஆள் உள்ளே புகுந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால் பூட்டுகிறோம்" என்றார் மேனேஜர். நாங்கள் வேறு மண்டபம் பிடித்தோம்.

வீட்டு ஆல்பத்தில் நீங்கள் என்ன செய்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படம் வீட்டோடு நிற்பதில்லை. ஸ்டேட்டஸில் போகும், மண்டபத்துக்காரர் கேட்டு வாங்கிப் போடுவார், உங்கள் பக்கத்திலும் நீங்கள் போடுவீர்கள். அந்த மூன்று இடத்திலும் கதவும் போர்டும் இருந்த மாதிரியே இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் அதை நம்பித்தான் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கூடத்துக்குள் போகிறார்கள்.

---

எம்சி_ரோடு_மொபைல் எழுதியது:

அக்கா சொன்ன கோணத்தில் நான் யோசிக்கலை. இது சரி.

---

தங்கசாலை வரைபலகை எழுதியது:

நான் கிராஃபிக் டிசைன் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த போர்டை எல்லாரும் திட்டுவதால் அது எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. பெரிதாகப் போனால் மன்னிக்கவும்.

ஜப்பானில் 1972இல் ஒசாகாவில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டிடத் தீயில் 118 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே குமாமோட்டோவில் இன்னொரு கடையில் 100 பேருக்கு மேல். வெளியேறும் வழியை எல்லாரும் பார்த்ததும் புரிந்துகொள்ளும்படி ஒரு குறி வேண்டும் என்று 1970களின் கடைசியில் ஒரு போட்டி வைத்தார்கள். அதிலிருந்து எழுந்ததுதான் யூகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளரின் ஓடும் மனிதன். 1980களில் அது உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் குறியாகவும் ஆனது. இன்றைக்கு ஐஎஸ்ஓ 7010 என்ற தரத்தில் முதல் எண்ணே அதற்குத்தான். இடப்பக்கம் ஓடுவதற்கு ஒரு எண், வலப்பக்கம் ஓடுவதற்கு அடுத்த எண்.

அந்த உருவத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முன்கால் வாசற்படியைத் தாண்டிவிட்டது, பின்கால் இன்னும் உள்ளே. உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது, ஆனால் தலைதெறிக்க ஓடுகிற சாய்வு இல்லை. பயத்தைக் காட்டாமல் அவசரத்தை மட்டும் காட்ட ஒரு வரைகலைஞர் எவ்வளவு வேலை செய்திருக்க வேண்டும்! எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், பீகாரில் இருந்து வந்து கிச்சனில் வேலை பார்க்கும் பையனுக்கும், சௌகார்பேட்டை சேட்டு வீட்டு விருந்தாளிக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது. இதைவிடப் பயனுள்ள ஒரு படம் அந்த மண்டபத்தில் வேறு இருக்காது, பேக்டிராப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பச்சை ஏன் என்றும் கேட்பார்கள். நல்ல வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிக எளிதாகப் படுவது 555 நானோமீட்டர் பக்கத்து மஞ்சள் கலந்த பச்சை. வெளிச்சம் மங்கினால் அந்த உச்சி 507 நானோமீட்டருக்கு, நீலம் கலந்த பச்சைக்கு நகரும். சிவப்பு முதலில் கறுத்துப் போகும். சாயங்காலம் விளக்கு போடாத வீட்டில் செம்பருத்திப் பூ கறுப்பாகவும் அதன் இலை துலக்கமாகவும் தெரிவது இதனால்தான். அமெரிக்காவில் இன்னும் பல இடங்களில் சிவப்பு எழுத்து போர்டுதான். நாம் பச்சைக்கு வந்தது நல்லது.

அளவுக்கும் கணக்கு உண்டு. உள்ளிருந்து எரியும் போர்டு அதன் உயரத்தைப் போல 200 மடங்கு தூரத்துக்குத் தெரியும். 15 சென்டிமீட்டர் உயர போர்டு 30 மீட்டர் வரைக்கும். வெளியிலிருந்து வெளிச்சம் விழும் சாதாரணப் பலகை என்றால் அதில் பாதிதான். டோல்கேட் கேமரா சொன்ன நீளக் கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தவருக்குத் தெரிய வேண்டுமென்றால் போர்டு பெரியதாகத்தான் இருந்தாக வேண்டும். போட்டோவுக்காகச் சின்ன போர்டு மாட்டச் சொல்வதும் தப்பு.

---

ஏணியும் குழாயும் எழுதியது:

வரைபலகை சார் அருமையாக எழுதியிருக்கிறார். ஒன்று சேர்க்கிறேன். புகை மேலே ஏறி, கூரையில் தட்டி, அங்கிருந்து கீழே இறங்கும். கதவுக்கு மேலே இருக்கும் போர்டு கொஞ்ச நேரத்தில் புகைக்குள் போய்விடும். கூடத்தில் இருப்பவர்கள் அதை முதல் சில நிமிஷங்களிலேயே பார்த்திருக்க வேண்டும். துணியை யாராவது கிழித்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்த நேரம் யாருக்கும் கிடைக்காது. பெரிய கட்டிடங்களில் தரையை ஒட்டியும் குறி வைப்பது இதனால்தான், தவழ்ந்து வருபவருக்குத் தெரியட்டும் என்று.

எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் போனில் இருக்கும் பழைய போட்டோக்களைத் திறந்து பாருங்கள். கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, கோச்சிங் சென்டர், துணிக்கடை, எதுவானாலும். முகத்தைப் பார்க்காமல் பின்னணியைப் பாருங்கள். போர்டு இருக்கிறதா, எரிகிறதா, அதற்குக் கீழே என்ன இருக்கிறது? பார்த்ததை இங்கே எழுதுங்கள். இடத்தின் பெயர் வேண்டாம்.

---

மூலக்கொத்தளம் 21 எழுதியது:

பார்த்தேன். வேலைக்கான தேர்வுக்குப் படித்த சென்டரில் கடைசி நாள் எடுத்த குரூப் போட்டோ. முதல் மாடி, ஒரே படிக்கட்டு. எங்கள் தலைகளுக்கு மேலே போர்டு தெரிகிறது, எரியவில்லை. அதற்குக் கீழே கதவுக்கு முன்னால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒரு கதவு இருந்ததே இந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் தெரிகிறது.

---

காலடிப்பேட்டை காவ்யா எழுதியது:

என் பையன் பள்ளி ஆண்டு விழா. பலூன் வளைவு சரியாக போர்டுக்கு மேலே. வளைவுக்குப் பின்னால் கொஞ்சம் பச்சை கசிகிறது, அதை வைத்துத்தான் போர்டு இருப்பதே தெரிந்தது. பெற்றோர் குழுவில் இந்தப் படத்தைப் போட்டு, அடுத்த விழாவில் வளைவை வாசலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நல்ல படமும் ஒன்று இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பித்த புதிதில், தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் மாமியாரோடு எடுத்தது. அந்த ஸ்டேஷன் தரைக்கு அடியில். மாமியார் தலைக்கு மேலே பச்சை போர்டு பளிச்சென்று இருக்கிறது. முன்பு இந்தப் படத்தில் அதை வெட்டிவிட்டு ஃபிரேம் போட நினைத்திருந்தேன். இப்போது முழுசாகவே போடப்போகிறேன்.

---

பழைய பெஞ்சு டிக்கெட் எழுதியது:

என் போனில் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் ஒரு வருத்தத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை 2020இல் மூடிவிட்டார்கள். வடசென்னையின் எத்தனையோ பழைய தியேட்டர்கள் இன்றைக்கு இல்லை. வெளியே கட்-அவுட், பாலாபிஷேகம், கூட்டம் என்று படங்கள் நிறைய இருக்கின்றன. உள்ளே எப்படி இருந்தது, கதவுகள் எங்கே இருந்தன, எத்தனை படி, எந்தப் பக்கம் திறக்கும், இதற்கெல்லாம் ஒரு போட்டோகூட என்னைப் போன்றவர்களிடம் இல்லை. இடைவேளை விட்டதும் முதலில் திறக்கும் பக்கக் கதவும், அதன் மேல் சிவப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் எரியும் விளக்கும் எனக்கு நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.

ராயபுரம் ரயில் நிலையத்தை எல்லாரும் தூண்களுக்காகப் போய்ப் படம் எடுக்கிறார்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம், எடுக்கத்தான் வேண்டும். காசிமேட்டில் விடியற்காலை வலையோடு படகு எடுக்கிறார்கள், அதுவும் அழகு. நாம் உண்மையிலேயே வாழ்கிற கூடங்களை, மண்டபம், கோச்சிங் சென்டர், நூலகம், பந்தி ஹால், இவற்றை யாரும் படமாக எடுப்பதில்லை. அவை வெறும் பின்னணியாகவே விழுகின்றன. அந்தப் பின்னணியையும் துடைத்து அழித்துவிட்டால் பிற்காலத்தில் பார்க்கிறவர்களுக்கு என்ன மிஞ்சும்? ஆல்பத்தில் போர்டு இருந்தால் என்ன என்று டோல்கேட் கேமரா கேட்டார். இருக்கட்டும் என்பதே என் பதில்.

---

வியாசை மின்பணி எழுதியது:

நான் பார்த்தது ஒரு துணிக்கடையில் தீபாவளி நேரத்தில் எடுத்த வீட்டுப் படம். போர்டில் ஓடும் மனிதன் இடப்பக்கம் ஓடுகிறான். கீழே ஒட்டியிருக்கும் அம்புக்குறி வலப்பக்கம் காட்டுகிறது. இடப்பக்கம் இருப்பது டிரையல் ரூம், அங்கே வழி கிடையாது. போர்டு மாட்டியவர் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார், அப்புறம் யாரோ அம்பை ஒட்டிச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள். எரிகிற போர்டும் தப்பு வழி காட்டலாம். நேரில் போய்ச் சொன்னேன், மாற்றிவிட்டார்கள். வலப்பக்கம் ஓடும் போர்டும் அதே விலைதான்.

---

பெரம்பூர் ஃபிலிம் ரோல் எழுதியது:

இழை நல்ல இடத்துக்குப் போயிருக்கிறது. வீடியோ எடுப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. மலிவான எல்இடி போர்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் துடிப்பு நொடிக்கு 100 தடவை. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் போர்டு சீராக வரும். சத்தமில்லாமல் எடுக்கும் சைலன்ட் ஷட்டரில் 1/1000 வைத்தால் போர்டின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். பட்டை விழுந்த போர்டைப் பார்த்துத்தான் பலர் "இது அசிங்கம், அழித்துவிடலாம்" என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

பூப்பந்தலுக்கு ஒரு கேள்வி. பேக்டிராப்பை நடுவில் வைக்காமல் கதவுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு அடி தள்ளி வைத்தால் என்ன? ஜோடி நிற்கும் இடமும் கூடவே நகரும். நேராக எடுத்தால் போர்டு படத்தின் ஓரத்துக்குப் போய்விடும். கூட்டமாக நிற்கும் குடும்பப் படத்தில் மட்டும்தான் தெரியும், அது தெரிந்தால் தெரியட்டும்.

---

பூப்பந்தல்_ராயபுரம் எழுதியது:

செய்யலாம். ஃபிரேம் நடுவில் இல்லையே என்று வீட்டுக்காரர் கேட்பார். கதவுப் பக்கம் தனியாக ஒரு குத்துவிளக்கோ பூச்சாடியோ வைத்தால் கண்ணுக்குச் சமமாகிவிடும் என்று சொல்ல வந்தேன், ஆனால் அதுவும் வழியில்தான் நிற்கும். அதனால் தரையில் எதுவும் வைக்காமல், கதவின் நிலையைச் சுற்றி மட்டும் பூச்சரம் விடலாம். கதவே அலங்காரத்தில் ஒரு பகுதி ஆகிவிடும். நிலைக்கு மேலே போர்டு இருக்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, சரத்தை அதற்கு இரண்டு பக்கமும் இறக்க வேண்டும். உலர்ந்த பூவும் துணியும் வேண்டாம், புதுப் பூ மட்டும். இந்த ஞாயிறு ஒரு வளைகாப்பு இருக்கிறது, அதில் செய்து பார்க்கிறேன்.

---

கொருக்குப்பேட்டை தேன்மொழி எழுதியது:

கதவை அலங்கரிப்பது நல்ல யோசனை. வருகிறவர்கள் கண்ணிலும் கதவு படும்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. எரியாத போர்டு, பூட்டிய கதவு என்று போட்டோவில் பார்த்தால் யாரிடம் போவது?

---

ஏணியும் குழாயும் எழுதியது:

முதலில் மண்டபத்துக்காரரிடமே காட்டுங்கள் அம்மா. போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பெரும்பாலோர் சரிசெய்துவிடுவார்கள். வாயால் சொன்னால் "எரியுதே" என்பார்கள், படத்தின் முன் அப்படிச் சொல்ல முடியாது.

கேட்கவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் தீயணைப்பு நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள், போட்டோ பிரிண்டையும் தேதியையும் சேர்த்து. பொதுமக்கள் கூடும் கட்டிடங்களுக்கு 1965ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி உரிமம் வேண்டும். அதற்குத் தீயணைப்புத் துறையின் சான்றும் கேட்பார்கள். புகார் எழுத்தில் இருந்தால் உரிமம் புதுப்பிக்கும்போது அது மேசைக்கு வரும். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஆபத்தாகத் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், 101க்குப் போன் போடுங்கள்.

---

டோல்கேட் கேமரா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. புக்கிங் வாங்கும்போது நான் கொடுக்கும் தாளில் கீழே இருப்பதைச் சேர்க்கிறேன். படித்துவிட்டு எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

"மண்டபத்தின் எக்ஸிட் போர்டையும் அவசரக் கதவையும் மறைத்தால் படம் எடுக்க மாட்டோம். போர்டு படத்தில் அழகாக வருவது எங்கள் பொறுப்பு. வீட்டு ஆல்பத்தின் முதல் பிரதியில் போர்டு இருக்கும், வேண்டாம் என்று எழுதிக் கேட்டால் அந்த ஆல்பத்தில் மட்டும் எடுத்துத் தருவோம். மண்டபத்துக்கும் விளம்பரத்துக்கும் தரும் படங்களில் எதையும் அழிக்க மாட்டோம்."

---

வியாசை மின்பணி எழுதியது:

முதல் வரியில் "மறைத்தால்" என்பதோடு "பிளக்கை உருவினால்" என்பதையும் போடுங்கள். நீங்கள் போகும் மண்டபங்களில் டெஸ்ட் பட்டன் அழுத்திப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். வியாசர்பாடியில் இருந்து எண்ணூர் வரைக்கும் எங்கே என்றாலும் வருகிறேன், காசு வேண்டாம்.

---

டோல்கேட் கேமரா எழுதியது:

சேர்த்துவிட்டேன் அண்ணா. வெள்ளிக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு ரிசப்ஷன், சாயங்காலம் நாலு மணிக்கே கூடம் திறந்துவிடுவார்கள். வாருங்கள், மேனேஜரிடம் நான் சொல்லி வைக்கிறேன்.